மூன்றாவதாக வந்த வண்டி

“தள்ளாதீங்க. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு,” என்று பார்கவி வாசற்படியிலிருந்து சொன்னாள்.

காரின் பின்புறத்தில் கை வைத்திருந்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். விச்சு மாமாவும், பக்கத்து வீட்டு ஜோஷி சகோதரர்கள் இருவரும். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நிக்டியின் அந்தப் பழைய வரிசை வீடுகளில் கூடம் என்பது ஒரு சோபாவும் நான்கு நாற்காலிகளும் கொள்ளும் அளவுதான். தம்பி பிரணவ் பெங்களூரிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அதுவரை வருகிறவர்கள் பார்க்க வேண்டுமானால் அம்மாவைப் போர்ட்டிக்கோவுக்குக் கொண்டுவர வேண்டும். போர்ட்டிக்கோவை அந்த நீலக் கார் முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தது.

“பிரேக்கை எடுத்து விடும்மா. தெருவுல ஓரமா நிறுத்திடலாம்,” என்றார் விச்சு மாமா. அம்மாவின் அண்ணன். விஷயம் கேள்விப்பட்டதும் தேஹு ரோட்டிலிருந்து சட்டையை மாற்றாமல் ஓடி வந்தவர்.

அதற்குள் அப்பா வெளியே வந்தார். விடியற்காலையில் அம்மா பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அப்படியே போய்விட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னபோது அப்பா “சரி” என்று மட்டும் சொன்னார். இப்போது அவர் கையில் கார் சாவியும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் இருந்தன. இரண்டையும் பார்கவியிடம் நீட்டினார்.

“மோஷி ஆர்.டி.ஓ.வுல வண்டியைக் காட்டிப் பாஸ் பண்ணி வாங்க இன்னைக்குக் காலையில டைம் குடுத்திருக்கான். போயிட்டு வந்துடறியா?”

பார்கவிக்குச் சட்டென்று புரியவில்லை. விச்சு மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

“மாப்ளே, இன்னைக்கா? என்ன பேசுறீங்க?”

“வண்டியை எடுக்கத்தானே போறோம், மச்சான். எடுத்துத் தெருவுல சும்மா நிறுத்துறதுக்கு மோஷியில கொண்டு போய் நிறுத்தட்டும்.”

“இன்னொரு நாள் வாங்கிக்கலாமே.”

“வாங்கலாம்,” என்றார் அப்பா. “அவ பேர்ல வாங்க முடியாது.”

உள்ளேயிருந்து ருக்கு அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தங்கை. மூக்கைத் துடைத்துக்கொண்டே, “பெத்தவளைக் கூடத்துல போட்டுட்டு மக கார் ஓட்டிட்டுப் போறதாண்ணா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்றாள்.

அப்பா மகளைப் பார்த்து, “உன்னால முடியலேன்னா வேண்டாம்மா,” என்றார்.

பார்கவி சாவியை வாங்கிக்கொண்டாள். நேற்று இரவு வானவடியில் தன் வீட்டில் படுக்கும்போது போட்டிருந்த சுடிதார்தான் இன்னும் உடம்பில் இருந்தது. ராணுவத்தில் இருக்கும் கணவன் நாளைக்குத்தான் வர முடியும். விடிந்ததிலிருந்து அவள் செய்ததெல்லாம் போன் பேசியதும், போன் பேசியவர்களுக்கு வழி சொன்னதும்தான். கையில் ஒரு வேலை கிடைத்தது நல்லதாகவே இருந்தது. அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் கூசினாள்.

“தனியா அனுப்ப முடியாது,” என்று விச்சு மாமா முணுமுணுத்துக்கொண்டே மறுபக்கக் கதவைத் திறந்தார். “நானும் வரேன்.”

சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினாள். ஒரு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியரை மேலே தூக்கி ரிவர்ஸில் போட்டு, மெதுவாகக் கேட்டைத் தாண்டினாள். காலியான போர்ட்டிக்கோவில் ருக்கு அத்தை உடனே தண்ணீர் தெளித்துக் கூட்ட ஆரம்பித்ததைக் கண்ணாடியில் பார்த்தாள்.

அது ஒரு பழைய பத்மினி, ஃபியட்டே பின்னால் பெயர் மாறி வந்த வண்டி. கேம்ப் பகுதியில் ஒரு பார்சிக் கிழவரின் பங்களாத் தோட்டத்தில், மாமரத்தடியில், சக்கரங்கள் மண்ணில் புதைந்து கிடந்தது. போசரியில் கியர் பாகங்கள் செய்யும் கம்பெனியின் டிராயிங் செக்ஷனில் இருந்து ரிட்டயரான அடுத்த மாதம், அம்மா அதை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். ஒரு பக்கக் கதவு கயிற்றில் கட்டியிருந்தது. அடித்தட்டு வழியாகத் தரை தெரிந்தது.

“இந்த வயசுல எதுக்கும்மா இது?” என்று பார்கவி அப்போது கேட்டாள்.

“வேற எந்த வயசுல லீவு குடுத்தாங்க?” என்றாள் அம்மா.

அம்மாவின் ஊர் செங்குன்றம். சிறு பெண்ணாக இருந்தபோது பக்கத்துச் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் கார் ரேஸ் நடக்கும். தாத்தா இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போவார். பெரிய பணக்காரர்களின் வண்டிகள் லாரியில் வந்து இறங்கும்; ரேஸ் முடிந்ததும் லாரியிலேயே திரும்பிப் போகும். ஒரே ஒரு ஃபியட் மட்டும் ரோட்டில் தானே ஓடி வரும். ஓட்டுகிறவர் திருவொற்றியூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். வந்ததும் பம்பரைக் கழற்றுவார், முகப்பு விளக்கின் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவார், கதவில் சுண்ணாம்பால் பதினெட்டு என்று எழுதுவார். ரேஸில் ஓட்டுவார். ஒரு முறை மூன்றாவதாக வந்தார். அதுதான் அந்த வண்டியின் ஆகப்பெரிய வெற்றி. அன்று சாயங்காலம் அவர் பம்பரைத் திரும்ப மாட்டி, டேப்பை உரித்து, பின்சீட்டில் மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனதை அம்மா ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்தாள்.

அம்மாவுக்கு அந்த வண்டிதான் வேண்டும். முதலாவதாக வந்ததை அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

ஆனால் இன்றைய சட்டத்தில் அது எளிதில்லை. வண்டியின் இன்ஜினை மாற்றக் கூடாது, உடல் அமைப்பை மாற்றக் கூடாது, சத்தம் கூடக் கூடாது. அம்மா போக்குவரத்து விதிகளைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். எதை எதைத் தொடலாம், எதை எதைத் தொடக் கூடாது என்று பிரித்தாள். பிறகு தொடக்கூடிய இடங்களில் மட்டும் அந்தப் பழைய ஃபியட்டைக் கொண்டுவரத் தொடங்கினாள். கதவின் பதினெட்டாம் எண் காந்த ஷீட்டில் வெட்டியது, ஒட்டலாம், உரிக்கலாம். ரேஸ் வண்டியில் புகைக்குழாய் பக்கவாட்டில் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா பக்கவாட்டுக் குழாயை ஒரு அலங்காரமாக வைத்து, உண்மையான புகையை அடியில் சைலன்சர் வழியாகப் பின்னால் கொண்டுபோனாள். முதல் முறை ஆர்.டி.ஓ.வில் அதைப் பார்த்துவிட்டுக் குழாயின் முனை கூர்மையாக இருக்கிறது, நடந்து போகிறவர் காலில் படும் என்று திருப்பி அனுப்பினார்கள். “அவங்க சொல்றது சரிதான்,” என்று வந்து அதை அறுத்து, உள்ளே வளைத்தாள்.

அப்பாவின் டிப்போ காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அவள் வெல்டிங் செய்ததைப் பார்க்கத் தெருவே வந்தது. முதலில் சிரிக்க வந்தார்கள். பிறகு குக்கர் கைப்பிடியையும் கேட்டின் கீலையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா, நாற்பது வருஷம் ராணுவத்தின் ஆர்ட்னன்ஸ் டிப்போவில் ஸ்டோர் பார்த்தவர், கார் ஓட்டத் தெரியாதவர், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்கைப் பிடித்தார். “கொஞ்சம் இடப்பக்கம்,” என்பாள் அம்மா. கொஞ்சம் இடப்பக்கம் காட்டுவார். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பார்கவி அதற்கு முன் பார்த்ததில்லை.

ஸ்பைன் ரோட்டில் வெயில் ஏறிவிட்டிருந்தது. சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பார்கவி என்ன செய்வது என்று தெரியாமல் தலையை அசைத்தாள். விச்சு மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஃபைல் அவர் மடியில் இருந்தது.

“அந்த வண்டி பச்சை,” என்றார் திடீரென்று.

“தெரியும் மாமா. நீங்க சொல்வீங்க.”

“எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீலம்னே சாதிச்சா. நான் அவளை விடப் பெரியவன். எனக்கு ஞாபகம் இருக்காதா? இலைப்பச்சை.”

“ம்.”

சிறிது தூரம் போனதும் மாமா டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தேய்க்கவில்லை, தட்டவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.

“பச்சைதான்,” என்றார். “இருந்தாலும் இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

மோஷியில் வரிசை நீண்டிருந்தது. லாரிகள், பள்ளிக்கூடப் பேருந்து, தண்ணீர் டேங்கர், அவற்றுக்கு நடுவில் இந்தக் கார். ஏஜெண்டுகள் ஒவ்வொருவராக வந்து சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். விச்சு மாமா வெயிலில் இறங்கி நின்று, யாரும் கையை வைத்துவிடாமல் காவல் காத்தார். பார்கவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரணவ் விமானம் ஏறிவிட்டான். சாஸ்திரிகள் வந்துவிட்டார். பூ போதாது. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் இளைஞர்தான். கண்ணாடி போட்டவர், களைத்த முகம். ஃபைலைத் திறந்து பெயரைப் படித்தார்.

“சாவித்ரி பரமசிவம். மாலக் குடே ஆஹேத்?”

உரிமையாளர் எங்கே என்கிறார். விச்சு மாமா பார்கவியைப் பார்த்தார்.

“கரீ ஆஹேத்,” என்றாள் பார்கவி. வீட்டில் இருக்கிறார்கள்.

அவர் தலையசைத்துவிட்டு வேலையில் இறங்கினார். விளக்குகள், இண்டிகேட்டர், வைப்பர். ஹாரனைத் தானே கை நீட்டி அமுக்கிப் பார்த்தார். சேஸிஸ் எண்ணைப் பேப்பரில் ஒப்பிட்டார். கதவின் எண்ணைச் சந்தேகமாகப் பார்த்தபோது பார்கவி அதை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்துக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, திரும்பக் கதவில் வைத்து, விட்டார். சட்டென்று ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கி வைத்தார்.

பானெட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மேடு இருந்தது. அங்கே நின்றுவிட்டார். விரலால் தட்டினார்.

“இது எதற்கு? அடியில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார்.

பார்கவி பானெட்டைத் திறந்தாள். அடியில் ஒன்றும் இல்லை. கம்பெனியில் வந்த அதே இன்ஜின், அதே ஒற்றைக் கார்புரேட்டர். பழைய ஃபியட்டில் அந்த இடத்தில் இரண்டு கார்புரேட்டர்கள் பொருத்தியதால் பானெட் மூடாமல், தகரத்தை அடித்து மேடாக்கியிருந்தார்கள் என்று அம்மா சொன்னதை அவள் மராட்டியில் சொல்ல முயன்றாள். நடுவில் ஹிந்திக்குத் தாவினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, அந்த மேட்டுக்கு மேலே சாலை தெரிகிறதா என்று பார்த்தார். சீட்டில் தாழ்ந்து உட்கார்ந்தும் பார்த்தார்.

பார்கவிக்குக் காலையிலிருந்து இல்லாத பயம். இதற்காக இன்னொரு முறை வர முடியாது. வந்தாலும் பேப்பரில் வேறு பெயர் இருக்கும்.

அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. அம்மா இதே சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சீட்டிலிருந்து பார்த்தால் சாலை எங்கே தெரிய ஆரம்பிக்கிறது என்று அளக்க, அப்பா முன்னால் நின்று ஒரு நூலைப் பிடித்திருந்தார். “இன்னும் இறக்குங்க, இன்னும்,” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவள் மணல் மூட்டையின் மேல் தகரத்தை வைத்து மர சுத்தியால் அடித்து அடித்து ஒரு மேட்டைச் செய்து முடித்திருந்தாள். முதலில் செய்தவை எல்லாம் கிழிந்தோ சுருங்கியோ போய், இதுதான் படிந்து வந்தது. நூலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். “உயரமா இருக்கு. குள்ளமான ஆள் ஓட்டினா முன்னால போற குழந்தை தெரியாது,” என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, புதுத் தகரம் வெட்ட ஆரம்பித்தாள். பார்கவி அன்று சாப்பிடக் கூப்பிட வந்தவள். கோபித்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். “நன்றாகத் தெரிகிறது,” என்றார். “யார் செய்தது? எந்த ஒர்க்‌ஷாப்?”

“ஆயி,” என்றாள் பார்கவி. அம்மா. பிறகு, “வீட்டில்தான்,” என்றாள்.

அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பானெட்டை இன்னொரு முறை பார்த்தார். வெல்டிங் ஓடிய கோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் காரைக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லி, திடீரென்று பிரேக் போடச் சொன்னார். வண்டி நேராக நின்றது. பேப்பரில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

“ஆயீன்னா சாங்கா, சான் காம் கேலய்.”

அம்மாவிடம் சொல்லுங்கள், அருமையாகச் செய்திருக்கிறார்கள். பார்கவி பேப்பரை வாங்கிக்கொண்டு, “சாங்க்தே,” என்றாள். சொல்கிறேன்.

கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் விச்சு மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பார்கவி கியரை மாற்றினாள்.

வீட்டுத் தெரு முனையில் திரும்பும்போது இன்ஜின் இரண்டு முறை திக்கி, நின்றுவிட்டது. அங்கிருந்தே வீட்டு வாசலில் நின்ற சவ வண்டி தெரிந்தது. ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன. பிரணவ் வந்துவிட்டான், வாசலில் அவன் முதுகு தெரிந்தது.

“விட்டுட்டு நடந்துடலாம்மா. அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றார் மாமா.

“இருங்க மாமா.”

பானெட்டைத் தூக்கினாள். அனல் அடித்தது. வெயில் நாளில் இந்த வண்டிகளுக்கு வரும் கோளாறுதான். பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். அம்மா இதற்காகவே ஒரு துணி வைத்திருப்பாள். தேட நேரமில்லை. மாமாவின் தோளில் இருந்த துண்டை எடுத்து, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நனைத்து, பம்பின் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஆவி எழுந்தது. கை சுட்டது. துண்டும் விரல்களும் கறுத்தன. இரண்டு பேரும் தெரு முனையில், கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். பிறகு பார்கவி உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் பிடித்த சத்தத்துக்கு ஷாமியானாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிலர் எழுந்தே நின்றார்கள். சவ வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அப்பா கேட் வரைக்கும் வந்திருந்தார். குளித்து, ஈர வேட்டி கட்டியிருந்தார்.

“என்ன சொன்னான்?”

“பாஸ்ப்பா.”

“ஹாரன் அடிச்சுப் பார்த்தானா?”

“பார்த்தாரு.”

அப்பா தலையை ஆட்டினார். ஹாரன் வயரைப் பிடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

“அம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு,” என்றாள் பார்கவி. “நல்லா பண்ணியிருக்காங்கன்னு.”

“அவளுக்குத் தெரியும்,” என்றார் அப்பா.

சாஸ்திரிகள் அவசரப்படுத்தினார். நேரம் போகிறது, இன்னும் வாய்க்கரிசி போடாதவர்கள் வரலாம் என்றார். பார்கவி செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்ட்டிக்கோவுக்குள் நுழைந்தாள். அம்மாவுக்கு அரக்குச் சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். “மஞ்சக் குங்குமத்தோட போயிட்டா, குடுத்து வெச்சவ,” என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தாங்காத அளவு பூ. பிரணவ் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ருக்கு அத்தை அரிசித் தட்டை நீட்டினாள். பார்கவி ஒரு பிடி எடுத்துக் குனிந்து அம்மாவின் வாயில் போட்டாள். அரிசி சிதறி மோவாயில் விழுந்தது. விரலால் ஒதுக்கினாள். அம்மாவின் கன்னத்திலிருந்து மோவாய் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

“அடடா,” என்று ருக்கு அத்தை முந்தானையை நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

“ருக்கு,” என்றார் அப்பா. “இருக்கட்டும்.”

அத்தை அண்ணனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

பிரணவும் விச்சு மாமாவும் பாடையை முன்னால் பிடித்தார்கள். ஜோஷி சகோதரர்கள் பின்னால். கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது சவ வண்டியின் கதவு மூடியிருந்தது. ஓட்டுநரைக் காணவில்லை. பார்கவி சுற்றிப் பார்த்தாள். அவர் பின்னால் நின்ற நீலக் காரின் பக்கத்தில் குனிந்து, வெயில் மறைக்க இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்து வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிட வாயெடுத்தார்கள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

ஓட்டுநர் பார்த்து முடிக்கும் வரை எல்லோரும் தோளில் அம்மாவோடு தெருவில் நின்றார்கள்.